ஒரு நாள் தாமதமாக மங்கிய நட்சத்திரம்

மலாய் நாடு சுதந்திரம் அடைந்த ஆண்டில் என் கணவர் காசநோய் வார்டில் படுத்திருந்தார். எங்களுக்குத் திருமணமாகி இரண்டு ஆண்டுகூட முடியவில்லை. அவர் நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைபவர், ஆங்கிலப் பள்ளியில் படித்தவர். நான் குருபோங் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள். மலாக்காவில், காஜா பெராங் பகுதியில் ஒரு தகரக் கூரை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். வீட்டுக்குப் பின்னால் துணி காயப்போட ஒரு வெட்டவெளி. அதன் வடக்குப் பக்கம் மரமே கிடையாது. அதற்காகத்தான் அந்த வீட்டைப் பிடித்தாராம். கல்யாணமான முதல் வாரத்தில் அவர் அதைச் சொன்னபோது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அவருக்கு நட்சத்திரம் பார்க்கிற பழக்கம் இருந்தது. ஜாதகம், ராசி எதுவும் இல்லை. வெறும் கண்ணால் பார்த்து, நோட்டில் எழுதி, மாதம் ஒரு முறை வெளிநாட்டுச் சங்கம் ஒன்றுக்குத் தபாலில் அனுப்புவார். அவர் பார்த்ததெல்லாம் ஒரே ஒரு நட்சத்திரம்தான். யாழ் என்ற சிறு கூட்டத்தில் இருப்பது. ஏறக்குறைய பதின்மூன்று நாளுக்கு ஒரு முறை அது நன்றாக மங்கி மறுபடி தெளியும். நடுவில் ஒரு முறை கொஞ்சமாக மங்கும்.

“பார்க்கத்தான் ஒண்ணு, நெசத்துல ரெண்டு,” என்று ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னார். “ஒண்ணை ஒண்ணு ஒட்டிக்கிட்டுச் சுத்துது. ஒண்ணு இன்னொண்ணை மறைக்கிறப்ப வெளிச்சம் கொறையுது. அதுங்களைச் சுத்தி வாயு வளையம்கூட இருக்கு. அது கண்ணுக்குத் தெரியாது.”

“கண்ணுக்குத் தெரியாததை எப்படிக் கண்டுபிடிச்சாங்களாம்?”

“வெளிச்சத்தைப் பிரிச்சுப் பார்க்கிற கருவி இருக்கு. நம்மகிட்ட அதெல்லாம் கிடையாது. நாம செய்யறது ஒண்ணுதான். இன்னைக்கு எவ்வளவு வெளிச்சம்னு எழுதி வைக்கிறது.”

அந்தச் சங்கத்திலிருந்து ஒரு முறை நன்றி தெரிவித்து அட்டை வந்தது. அதைப் பல நாள் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு வேலைக்குப் போனார்.

ஜூன் மாதத்தில் இருமலில் இரத்தம் வந்தது. ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து அன்றே படுக்கையில் சேர்த்துவிட்டார்கள். புதன்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் போய்ப் பார்க்கலாம். கட்டிலிலிருந்து நான்கு முழம் தள்ளி உட்கார வேண்டும். அவர் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு பேசுவார். ஊசியும் மாத்திரையும் நடந்துகொண்டிருந்தன. வார்டு தெற்குப் பார்த்தது. அவருடைய கட்டிலிலிருந்து கொஞ்சம் வானம் தெரியும், ஆனால் அது வேண்டாத பக்கத்து வானம்.

மூன்றாம் வாரம் நான்தான் சொன்னேன்: “எப்படிப் பார்க்கணும்னு சொல்லிக் கொடுங்க. நான் எழுதிட்டு வர்றேன்.”

அவர் என்னை நம்பாமல் பார்த்தார். “உனக்கு எதுக்கு இந்தச் சூசா?” என்றார். தொந்தரவு என்பதற்கு நாங்கள் எல்லோரும் அந்த மலாய்ச் சொல்லைத்தான் சொல்வோம். ஆனாலும் என் நோட்டின் கடைசிப் பக்கத்தில் படம் போட்டுக் கொடுத்தார். கீழே ஒரு பெரிய வெள்ளை நட்சத்திரம். அதற்கு மேலே சாய்ந்த கட்டம் போல நான்கு சிறியவை. மேல் ஓரத்து இரண்டில் இடது பக்கம் இருப்பதுதான் நம்முடையது. அது நன்றாக இருக்கும் நாளில் வலது பக்கத்து நட்சத்திரத்துக்குச் சமமாக இருக்கும். முழுதாக மங்கினால் கீழ் ஓரத்தில் இருக்கும் இரண்டு மங்கல் நட்சத்திரங்களுக்குச் சமம். இடைப்பட்ட நாளில் எதற்கு எவ்வளவு கிட்டே என்று எழுத வேண்டும். வீட்டில் இருந்த ஆங்கிலப் புத்தகத்திலும் இதே படம் உண்டு. ஆனால் அதில் பெரிய நட்சத்திரம் மேலே இருக்கும். அது குளிர் நாட்டில் நின்று பார்ப்பவர்களுக்காக வரைந்த படம், நமக்குத் தலைகீழ் என்று அவர் சொல்லியிருக்காவிட்டால் நான் வேறெதையோ பார்த்துக்கொண்டு நின்றிருப்பேன்.

தினமும் எட்டு மணிக்கு மேல் வெளியே போவேன். டார்ச்சு விளக்கின் கண்ணாடியில் சிவப்புத் தாள் ஒட்டியிருந்தது. முதலில் பத்து நிமிடம் இருட்டுக்குக் கண்ணைப் பழக்கிக்கொண்டு பிறகு பார்ப்பேன். முதல் வாரம் ஒன்றுமே பிடிபடவில்லை. பிறகு ஒரு நாள் சட்டென்று பிடிபட்டது. உலை கொதித்துவிட்டதா என்று மூடியைத் திறக்காமலே தெரிவது போல, எது எதைவிட மங்கல் என்று யோசிக்காமலே தெரிய ஆரம்பித்தது.

வேலிக்கு அந்தப் பக்கம் மலாக்கா செட்டிக் குடும்பம் ஒன்று இருந்தது. அந்த வீட்டு மூத்த மகள் பட்டணத்தில் ஆங்கிலப் பள்ளியில் சின்ன வகுப்பு ஆசிரியை. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள். அவர்கள் பூசைக்குத் தேங்காய் உடைப்பார்கள், விபூதி பூசுவார்கள், வீட்டில் பேசுவது மட்டும் அவர்களுக்கே உரிய மலாய். நான் தினம் அண்ணாந்து நிற்பதைப் பார்த்துவிட்டு ஒரு நாள் வேலியோரம் வந்து, “லூ தெங்கோ அப்பா?” என்றாள். எதைப் பார்க்கிறாய் என்று கேட்டாள். எனக்குத் தெரிந்த பாசார் மலாயில், சந்தைப் பேச்சில், சொன்னேன். கணவரின் புத்தகத்தில் அந்த நட்சத்திரம் எந்தெந்த நாளில் மங்கும் என்று கணக்கிடும் பட்டியல் ஒன்று இருந்தது. அதைப் படிக்க எனக்குத் தெரியாது. அவள் படித்து, கூட்டிக் கழித்து, அடுத்து மங்கும் நாட்களைக் குறித்துக் கொடுத்தாள். அவளைக் ‘காக்கா’ என்று கூப்பிடத் தொடங்கினேன். மலாயில் அது அக்காள். எங்கள் தோட்டத்தில் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள்.

ஆகஸ்டு நடுவில் முதல் சிக்கல் வந்தது. பட்டியலின்படி சனிக்கிழமை இரவு நட்சத்திரம் முழுதாக மங்க வேண்டும். நான் பார்த்தபோது பாதிதான் மங்கியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை பார்த்தேன். நேற்றைவிட மங்கல். கண்டதை அப்படியே எழுதி, புதன்கிழமை கொண்டுபோனேன்.

அவர் நோட்டை வாங்கிப் பார்த்து முகம் சுளித்தார். “தேதியை மாத்தி எழுதிட்டியா?”

“இல்லீங்க.”

“மேகம் இருந்திருக்கும்.”

“மேகம் இல்லைங்க. ஞாயித்துக்கிழமைதான் ரொம்ப மங்கல்.”

“போன வருசம் முழுக்க நான் பார்த்திருக்கேன். ஒரு தடவைகூடப் பட்டியல் தப்பினதில்லை. உனக்குக் கண்ணு இன்னும் பழகலை.” நோட்டை மூடிக் கட்டிலின் ஓரத்தில் வைத்தார். அதற்குப் பிறகு அவர் அதைத் தொடவில்லை. மணி அடித்ததும் நானே எடுத்துக்கொண்டு வந்தேன்.

அடுத்த பத்து நாளில் அவருக்குக் காய்ச்சல் ஏறியது. சாப்பாட்டைத் தொடுவதில்லை. என்னோடு பேசுவதும் குறைந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வெளியே வரும்போது வார்டு மிஸ்ஸி, தாதியை அங்கே அப்படித்தான் சொல்வோம், என்னை நிறுத்தி, “மருந்து வேலை செய்யணும்னா மனசும் ஒத்துழைக்கணும்மா. அவருக்குப் பிடிச்சதா ஏதாச்சும் பேசுங்க,” என்றாள். நடந்தே வீட்டுக்கு வந்தேன். வழியெல்லாம் என் பிடிவாதம்தான் அவரை வாட்டுகிறதோ என்ற எண்ணம். அவருக்கு மிஞ்சியிருந்தது அந்த ஒரு காரியம். அதையும் நான் தப்பும் தவறுமாகச் செய்வதாக அவர் நினைத்துக்கொண்டு படுத்திருக்கிறார்.

சுதந்திர வாரம் வந்தது. ஜாலான் பெண்டஹாரா கடைத்தெருவில் கடைக்குக் கடை கொடித் தோரணம். துணிக்கடைகளில் கொடிக்கு வேண்டிய நிறத்துத் துணியெல்லாம் தீர்ந்துபோயிற்று. நாட்டுக்கு விடுதலை வெள்ளி நள்ளிரவில். காக்காவின் பட்டியல்படி நட்சத்திரம் மங்குவதும் அதே வெள்ளிக்கிழமை மாலைதான். இருட்டும் முன்பே தெருவே பண்டா ஹிலிர் திடலுக்குக் கிளம்பியது. சைக்கிளிலும் நடந்தும் பாட்டுப் பாடிக்கொண்டும் போனார்கள். காக்காவும் புதுச் சாரோங் கட்டிக்கொண்டு வந்து கூப்பிட்டாள். நான் வரவில்லை என்றேன்.

எல்லோரும் போன பிறகு தெரு அப்படி ஓர் அமைதியில் இருந்து நான் பார்த்ததில்லை. எட்டரைக்கு வெளியே போய் நின்றேன். வானம் கழுவி விட்டது போல இருந்தது. நட்சத்திரம் மங்கிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் இன்னும் கீழ்ப் பக்கத்து மங்கல்களின் அளவுக்கு வரவில்லை. போன தடவை போலவே பாதி வழியில் நின்றது. நாளைக்குத்தான் முழுதாக மங்கும் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது.

நோட்டைத் திறந்து, ‘மங்கல் நட்சத்திரங்களுக்குச் சமம்’ என்று எழுதினேன். ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. அதுதான் இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது.

மறுநாள் சனிக்கிழமை. காலையெல்லாம் வானொலியில் விழா நடந்தது. மாலையில் காக்கா வேலியோரம் நின்று தானும் அண்ணாந்து பார்த்தாள். இத்தனை நாளில் அவளுக்கும் அந்த நான்கு நட்சத்திரங்கள் பழகியிருந்தன. “மலாம் நி லாகி மாலாப்,” என்றாள். இன்றைக்கு இன்னும் மங்கல். “நேற்றுத் திடலிலிருந்து பார்த்தேன். நேற்று இவ்வளவு மங்கவில்லை. நீ என்ன எழுதினாய்?”

உள்ளே போய், சனிக்கிழமைக்கு நேரே ‘நேற்றைவிடச் சற்றே தெளிவு’ என்று எழுதினேன். ஒன்றை மாற்றினால் அடுத்ததையும் மாற்ற வேண்டியிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை நோட்டை நீட்டினேன். அவர் படித்தார். படித்துவிட்டுச் சிரித்தார். கன்னமெல்லாம் ஒட்டிப்போன முகத்தில் அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. “பார்த்தியா? நான்தான் சொன்னேன்லா, கண்ணு பழகணும்னு.” அன்று மிஸ்ஸி கொண்டுவந்த கஞ்சியை முழுவதும் குடித்தார். பக்கத்துக் கட்டில்காரரிடம், “நாடு விடுதலையான அன்னைக்கு என் வீட்டுக்காரி என்ன பார்த்தா தெரியுமா?” என்று பெருமை பேசினார்.

திங்களும் செவ்வாயும் நான் வெளியே போகவில்லை. நோட்டைத் திறக்கவே கூசியது. புதன்கிழமை போய் நான்கு முழம் தள்ளி உட்கார்ந்தேன். அவர், “நோட்டு எங்கே?” என்று கையை நீட்டியதும் சொல்லிவிட்டேன்.

“நான் எழுதினது பொய்ங்க. வெள்ளிக்கிழமை பாதிதான் மங்கியிருந்துச்சு. சனிக்கிழமைதான் முழுசா மங்கினது. பக்கத்து வீட்டு அக்காவும் பார்த்தாங்க. நீங்க சந்தோசப்படணும்னு எழுதிட்டேன்.”

அவர் கைக்குட்டை கையிலிருந்து நழுவியதைக்கூடக் கவனிக்கவில்லை. பிறகு, “போ,” என்றார். “வீட்டுக்குப் போ.”

நான் எழுந்திருக்கவில்லை. போகச் சொல்லும் மணி அடிக்க இன்னும் கால் மணி இருந்தது. தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்தே இருந்தேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். அப்படியே சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

“நான் எழுதினதும் பொய்தான்.”

எனக்குச் சரியாகக் கேட்கவில்லையோ என்று நினைத்தேன்.

“முதல்ல பட்டியலைப் பார்ப்பேன். இன்னைக்கு மங்கணும்னு போட்டிருக்கும். அப்புறம்தான் வெளியே போய்ப் பார்ப்பேன். அவ்வளவு மங்கலையேன்னு தோணும். வெள்ளைக்காரன் அச்சுப் போட்ட புத்தகம் தப்பா இருக்குமா, நம்ம கண்ணுதான் தப்புன்னு, பட்டியல்ல இருக்கிறதையே எழுதிடுவேன். மழை நாள்லகூட எழுதியிருக்கேன். வானத்தையே பார்க்காம. மூணு நாலு தடவை.” இருமல் வந்தது. அடங்கியதும் சொன்னார்: “அதுக்குத்தான் அந்த நன்றி அட்டை வந்துச்சு.”

அவர் தோளைத் தொட வேண்டும் போல இருந்தது. தொடக்கூடாது என்பது அங்கே விதி. மணி அடித்தது. நான் எழுந்து வந்துவிட்டேன். அன்றிரவே நோட்டில் அந்த இரண்டு வரிகளையும் அடித்துத் திருத்தினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனபோது கடிதம் தயாராக இருந்தது. பென்சிலில், ஆங்கிலத்தில், ஒரு பக்கம்கூட வரவில்லை. என்ன எழுதியிருக்கிறது என்று வரி வரியாகத் தமிழில் சொன்னார். சென்ற ஆண்டு தான் அனுப்பியவை நம்பத்தக்கவை அல்ல, அவற்றை நீக்கிவிட வேண்டும். காரணம், பட்டியலைப் பார்த்து எழுதியது. இத்துடன் வருவது தன் மனைவி பார்த்து எழுதியது. அதில் சுதந்திர நாளை ஒட்டிய இரண்டு வரிகள் முதலில் மாற்றி எழுதப்பட்டு, பிறகு அவளே திருத்தியவை.

“என்னுதையும் எழுதணுமா?” என்றேன்.

“எழுதணும்.”

அந்தக் கடிதத்தைக் காக்கா பேனாவில் படியெடுத்துக் கொடுத்தாள். எழுதி முடிக்கும் வரை என்னிடம் எதுவும் கேட்கவில்லை. உறையில் முகவரி எழுதி எச்சில் தொட்டு ஒட்டிவிட்டு, இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினாள். மறுநாள் காலை தபாலில் சேர்த்தேன்.

அதன் பிறகு உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது இன்னொரு பொய்யாகும். செப்டம்பர் முழுவதும் காய்ச்சல் விட்டுவிட்டு வந்தது. ஒரு வாரம் என்னை வார்டுக்குள்ளேயே விடவில்லை. வராந்தாவில் நின்று கம்பி வழியாகப் பார்த்துவிட்டு வந்தேன். மாலையில் நட்சத்திரத்தைப் பார்ப்பேன், எழுதுவேன். யாருக்காக என்று கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. தெங்கேரா பக்கமிருந்து கடல் காற்றோடு மேகம் வந்து மூடிய நாட்களில் ‘மேகம்’ என்று மட்டும் எழுதினேன். அந்த ஒரு சொல்லை எழுதும்போது மனசு இலேசாக இருந்தது.

அக்டோபர் கடைசியில் பதில் வந்தது. நீல நிற விமானக் கடிதம். அவர் பெயருக்கு வந்ததுதான், ஆனாலும் புதன்கிழமை வரை என்னால் பொறுக்க முடியவில்லை. காக்காவிடம் கொடுத்தேன். அவள் ஆங்கிலத்தை மலாயில் சொல்ல, நான் அதைத் தமிழில் புரிந்துகொண்டேன். நன்றியோ பாராட்டோ அதிகம் இல்லை. சென்ற ஆண்டுக் குறிப்புகள் நீக்கப்பட்டன. மற்றப் பல ஊர்க்காரர்களின் குறிப்புகளின்படி அந்த நட்சத்திரம் முழுதாக மங்கியது உங்கள் ஊர்க் கணக்கில் சனிக்கிழமை நள்ளிரவை ஒட்டி. உங்கள் மனைவி திருத்தி எழுதியதோடு ஒத்துப்போகிறது. உங்களிடம் உள்ள பட்டியல் இருபது ஆண்டுப் பழையதாக இருக்க வேண்டும். அந்த இரண்டும் ஒரு சுற்றுச் சுற்றி வரும் நேரம், ஆண்டுக்கு ஏறக்குறைய பத்தொன்பது விநாடி நீண்டுகொண்டே போகிறது.

அதற்குக் காரணமும் எழுதியிருந்தார்கள். அந்த இடத்தில் காக்கா திணறினாள். வாயு என்பதற்கு அவளுக்கு மலாய்ச் சொல் கிடைக்கவில்லை. யோசித்துவிட்டு, “ஆசாப்,” என்றாள். புகை. ஒரு நட்சத்திரத்திலிருந்து புகை ஒழுகி மற்றதன் பக்கம் போகிறது. போவது நேரே போய் விழாமல் சுற்றி வளையமாக நிற்கிறது. இப்படி ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போய்க்கொண்டே இருப்பதால்தான் சுற்று மெதுவாகிறது போலிருக்கிறது, இன்னும் யாருக்கும் முடிவாகத் தெரியாது என்று கடிதம் முடிந்தது.

புதன்கிழமை அவர் அதை இரண்டு முறை படித்தார். பிறகு பென்சில் கேட்டார். ஆண்டுக்கு இருபத்தெட்டுச் சுற்று, ஒவ்வோர் ஆண்டும் பத்தொன்பது விநாடி கூட, இருபது ஆண்டுக்கு எவ்வளவு என்று கடிதத்தின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். வெகு நேரம் எடுத்தது. நடுவில் களைத்துப்போய்க் கண்ணை மூடிக்கொண்டார். கடைசியில் என்னிடம் தாளைத் திருப்பிக் காட்டினார்.

“ஒரு நாளும் ஏழு மணி நேரமும்,” என்றார். “நீ சொன்னது.” பென்சிலைக் கீழே வைத்தார். “போன வருசமே இது என் கண்ணு முன்னாடி இருந்துச்சு. நானே கண்டிருக்கலாம்.”

“வந்து பாருங்க. அது அங்கேதான் இருக்கு,” என்றேன்.

அவர் பிழைத்தார். மறு ஆண்டு தைப்பூசம் கழிந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அலுவலகத்தில் இலேசான வேலை கொடுத்தார்கள். ஒரு பக்க நுரையீரல் கடைசிவரை சரியாகவில்லை. படி ஏறினால் நின்று நின்றுதான் ஏறுவார். அப்படியும் பதினாறு ஆண்டு என்னோடு இருந்தார். இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். காக்கா திருமணமாகி சிங்கப்பூர் போனாள். போகிற அன்று என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு பார்க்கவே முடியவில்லை.

வயதான பிறகு தமிழில் வந்த ஒரு கட்டுரையில் படித்தேன். பிறந்து அதிக காலம் ஆகாத இரட்டை நட்சத்திரங்கள் பலவற்றைச் சுற்றி வாயு வளையங்கள் உண்டாம், அவற்றில் சிலவற்றிலிருந்து உலகங்கள்கூடத் திரளலாமாம். எங்கள் நட்சத்திரத்து வளையம் வேறு வகை, ஒன்றிலிருந்து கசிந்து வந்தது என்று போட்டிருந்தது. அதைப் படித்துக் காட்ட அப்போது அவர் இல்லை.

வீட்டுக்கு வந்த ஆண்டில் அவர் வெளியே வர மறுத்தார். நான் பார்த்துச் சொல்லச் சொல்ல, உள்ளே நாற்காலியில் உட்கார்ந்து எழுதுவார். பட்டியல் புத்தகத்தை எப்போதோ நூல் நிலையத்துக்குக் கொடுத்துவிட்டிருந்தார். செப்டம்பரில் ஒரு மாலை, நான் கூப்பிடாமலே போர்வையைப் போர்த்திக்கொண்டு பின்கட்டுக் கதவைத் திறந்து வந்தார். பத்து நிமிடம் இருட்டில் நின்றோம்.

“நீ சொல்லாதே,” என்றார். “நானும் சொல்லலை. தனித்தனியா எழுதுவோம்.”

இரண்டு துண்டுத் தாளில் எழுதினோம். உள்ளே போய் விளக்கடியில் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றாக இல்லை. என்னுடையதைவிட அவருடையது கொஞ்சம் மங்கல். எது சரி என்று நான் கேட்டேன். தெரியாது என்றார். நோட்டை எடுத்து, அந்தத் தேதிக்கு நேரே என் பெயரின் முதல் எழுத்தைப் போட்டு என்னுடையதை எழுதினார். அடுத்த வரியில் தன் முதல் எழுத்தைப் போட்டு அவருடையதை எழுதினார்.